மதியத் தூக்கத்தில் கை வைத்தேன்

செப்டம்பர் 2

பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். இந்தப் பருவத்திலிருந்து மதியத் தூக்கம் கிடையாது. சாப்பிட்டதும் விளக்கை அணைத்து, மேசையில் தலையணை போட்டு அரை மணி நேரம் கவிழ்ந்து கிடப்பது இனி வேண்டாம். அந்த நேரத்தில் அவரவர் எடுத்துக்கொண்ட சொந்த வேலையைச் செய்யட்டும். ஒருத்தி தேனீப் பெட்டி செய்கிறாள், ஒருவன் ஓடை நீரைச் சோதிக்கிறான். அதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வரும்?

யாரும் வாயைத் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஃபான் மட்டும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டே முணுமுணுத்தான். இது மூடப்படவிருந்த அரசுப் பள்ளியாக இருந்த காலத்திலிருந்தே இங்கே வாத்தியார் அவன்; இப்போது என்னோடு சேர்ந்து நடத்துகிறான். "அக்கா, பரீட்சையை எடுத்தீங்க, சரின்னாங்க. வீட்டுப்பாடத்தை எடுத்தீங்க, அதுக்கும் சரின்னாங்க. இப்பத் தூக்கத்துல கை வச்சிருக்கீங்க. பாத்துக்கோங்க."

பார்த்துக்கொள்கிறேன். டிசம்பரில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. எங்களுக்குக் கொடுத்த மூன்று வருட அனுமதி அதோடு முடிகிறது. நீட்டித்தால் பள்ளி இருக்கும். இல்லையென்றால் பூட்டுதான், பிள்ளைகள் பஸ்ஸில் மலை இறங்கி டவுன் பள்ளிக்குப் போக வேண்டும். போன தடவை வந்தவர்கள், "மத்த பள்ளிக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இந்த முறை அந்தக் கேள்வி வரக் கூடாது.

செப்டம்பர் 3

காலையிலிருந்து போனில் பெற்றோரின் லைன் செயலிக் குழு அடங்கவில்லை. 'மதியம் தூங்காத பிள்ளை உயரமா வளராது.' 'எங்க மாமியார் கேக்குறாங்க, இது பள்ளிக்கூடமா ஃபேக்டரியா?' யாரோ ஒரு டாக்டர் பேசும் வீடியோவை வேறு போட்டிருக்கிறார்கள். பரீட்சையை எடுத்தபோது இதே குழுவில் இரண்டு மூன்று கட்டைவிரல் படம் வந்தது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 4

இன்னும் அடங்கவில்லை.

செப்டம்பர் 11

தூ அம்மா கடைக்கு நூடுல்ஸ் சாப்பிடப் போனேன். எங்கள் மாணவி பின்ருய்யின் அம்மா. கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாக மேலே அள்ளிப் போடும் வறுத்த வெங்காயம் இல்லை. புரிந்துகொண்டேன்.

"டீச்சர், ஷின்ச்சூ சிட்டில கம்பெனி வச்சிருந்தீங்களே, அங்க மதியம் என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவோம்... லைட்டை அணைச்சிட்டுப் படுப்போம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"இப்ப?"

நான் சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"உங்க ஆபீஸ் ரூம்ல மடக்குக் கட்டில் கிடக்காம், கதவைச் சாத்திட்டுத் தூங்குறீங்களாம். எம் பொண்ணு சொல்றா."

பக்கத்து மேசைக் கிழவர்கள் சிரித்தார்கள். தூ அம்மா சிரிக்கவில்லை. நிலாத் திருவிழா முடிந்ததும் பின்ருய்யை டவுன் பள்ளியில் சேர்க்கப் போகிறாளாம். இன்னும் இரண்டு வீடுகளில் அதே பேச்சாம்.

பத்து நிமிடம்தான் தூங்குகிறேன். இருபது வருடப் பழக்கம், உடம்பு கேட்கிறது. சரி, பத்து இல்லை, இருபத்தைந்து. பொய்யை என்னிடமே எழுதி என்ன ஆகப்போகிறது?

செப்டம்பர் 19

மதிய வேலை நேரம். பசை கொட்டியது. ஒருத்தி காரணமே இல்லாமல் அழுதாள். ஓடை நீர்ப் பையன் தன் பாட்டில்களுக்கு நடுவே தலையை வைத்துத் தூங்கிவிட்டான். பழகிவிடும். விட மாட்டேன்.

செப்டம்பர் 24

எங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளையும் கூட்டம் கூட்டலாம். இந்த விதியைப் போட்டது நான்தான். இன்று பின்ருய் கூட்டினாள். பத்து வயது, முன்பல் ஒன்று பாதி முளைத்திருக்கிறது.

"டீச்சர், எங்க வேலையை நாங்களே முடிவு பண்ணணும்னு சொன்னீங்க. மதியத்தை மட்டும் ஏன் நீங்க முடிவு பண்ணீங்க?"

"சிலதைப் பெரியவங்கதான் முடிவு பண்ணணும்."

"எதெதுன்னு போர்டுல எழுதிப் போட்டுடுங்க. மீதியை நாங்க பாத்துக்கிறோம்."

ஃபான் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்ல. நான் சொல்லிக் குடுத்த வார்த்தைய வச்சே என்னை மடக்குது. டிசம்பர்ல என்ன காட்டுறதுன்னு நான் மண்டைய உடைச்சிக்கிறேன், இதுக்கு என்ன தெரியும்? — ஆனா, இப்படிக் கேக்கணும்னுதானே சொல்லிக் குடுத்தேன்? கம்பெனியில இருந்த என் பங்கை வித்துட்டு இந்த மலைக்கு வந்தது வேற எதுக்காம்?

செப்டம்பர் 25

பிள்ளைகளிடம் சொன்னேன். நீங்களே முடிவு செய்யுங்கள், ஆனால் சும்மா கை தூக்கினால் செல்லாது. எது நல்லது என்று கண்டுபிடித்துக் கொண்டு வாருங்கள்.

தூ அம்மாவிடம் போய், அதுவரை மகளை விட்டுவையுங்கள் என்று கேட்டேன். "நான் எங்க விடுறது? ஆராய்ச்சி முடியாம வர மாட்டேன்னு அவதான் கால ஊனி நிக்கிறா" என்றாள்.

அக்டோபர் 16

பாதிப் பேர் ஒரு வாரம் தூங்கினார்கள், மறுபாதி விழித்திருந்தார்கள். அடுத்த வாரம் மாற்றிக்கொண்டார்கள். மாலையில் விழும் ஸ்கேலை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறார்கள், காலையில் படித்ததில் எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்க்கிறார்கள். எத்தனை சண்டை என்பதையும் எண்ணுகிறார்கள். சண்டையை எண்ணச் சொன்னது பின்ருய். எனக்கு அது தோன்றவே தோன்றாது.

அக்டோபர் 23

முடிவாகிவிட்டது. தூங்கிய வாரத்தில் சண்டை பாதியாகக் குறைந்திருக்கிறது. தூக்கம் திரும்பி வருகிறது. தூக்கம் வராதவர்கள் நூலக அறையில் சத்தம் போடாமல் இருக்கலாம், அவர்களைத் திட்டக் கூடாது. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது, எல்லாரோடும் கூடத்தில்தான் படுக்க வேண்டும். தூங்குகிறவரை யாரும் எழுப்பக் கூடாது.

சொந்த வேலைக்கு நேரம்? அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். என்னுடைய கணினி வகுப்பை எடுத்துவிட்டார்கள். நான் கம்பெனியில் இருந்தபோது உருவாக்கிய பாடம், விருது வாங்கியது. "அது போரடிக்குது டீச்சர்," என்றான் ஓடை நீர்ப் பையன், மரியாதையாகத்தான்.

எல்லாரும் கை தூக்கினார்கள், நானும் ஃபானும் தவிர. பிறகு ஃபானும் தூக்கினான். துரோகி.

கட்டிலை நானே கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நவம்பர் 6

மாலையில் முழுதாக ஒரு மணி நேரம் வேலை நடக்கிறது. தேனீப் பெட்டிக்கு மூடி வந்துவிட்டது. என் கணினி வகுப்பைப் பற்றி ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. வலிக்கத்தான் செய்கிறது.

தூ அம்மா கடையில் வறுத்த வெங்காயம் திரும்பி வந்தது.

டிசம்பர் 11

குழு காலை பத்து மணிக்கு வருவதாக இருந்தது. மலைப் பாதையில் மண் சரிந்து, வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு நாற்பது. கூடத்தில் அப்போதுதான் விளக்கை அணைத்திருந்தோம்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் எழுப்பிடுவோம்," என்றான் ஃபான். முகம் வெளிறியிருந்தது. "தூங்குற பள்ளிக்கூடத்தைப் பாத்துட்டா அவங்க திரும்பிப் போகணும்?"

எனக்கும் ஆசைதான். மணி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் இன்றைக்கு எழுப்பினால் இந்தப் பள்ளியில் பிள்ளைகள் போட்ட விதி, ஆபீசர் வரும்வரைக்கும்தான் விதி. அப்புறம் நாங்கள் எதைக் காட்டி அனுமதி கேட்பது?

மணியைத் தொடவில்லை.

குழுத் தலைவர் லுவோ, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே, "ரெண்டரைக்குக் கிளம்பணும்மா, சீக்கிரம் ஆரம்பிங்க," என்றார். அன்றைக்குக் காவல் முறை பின்ருய்யுடையது. உதட்டில் விரலை வைத்து அவரை நிறுத்தினாள். காலணியைக் கழற்றச் சொல்லி, உள்ளே போடும் செருப்பு கொடுத்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தலையணையை எடுத்து நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார்.

"ஒரு மணி பத்து வரைக்கும் பொறுங்க சார்," என்றேன், மெதுவாக.

உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் குறட்டை கேட்டு நூலக அறையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஒன்று பத்துக்குப் பாட்டுப் போட்டு விளக்கை எரியவிட்டதும் பிள்ளைகள் தங்கள் ஆராய்ச்சியைக் காட்டினார்கள். சண்டைக் கணக்கை அவர் இரண்டு முறை பார்த்தார்.

"இதை யாரு முடிவு பண்ணது?"

"நாங்கதான்," என்றாள் பின்ருய். "டீச்சர் வேற மாதிரி சொன்னாங்க. தோத்துட்டாங்க."

குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். ரெண்டரைக்கு வண்டியேறிப் போய்விட்டார்.

டிசம்பர் 20

தகவல் இல்லை.

ஜனவரி 3

தூ அம்மா ஒரு சின்னத் தலையணையோடு வந்தாள். ஆகஸ்டில் அவள் மகன் முதல் வகுப்பு சேர வேண்டும்.

"அனுமதியே இன்னும் வரலையே," என்றேன்.

"வரும்போது வரட்டும். இது இங்கயே இருக்கட்டும்."

அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 9

மதியம் கண் விழித்தபோது எல்லாப் பிள்ளைகளும் என் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஃபானின் கண் சிவந்திருந்தது.

"கல்வித் துறையிலேர்ந்து பன்னெண்டே முக்காலுக்கே போன் வந்துடுச்சு அக்கா. ஆறு வருஷம் குடுத்திருக்காங்க."

"அப்பவே ஏன்டா எழுப்பல?"

பின்ருய் முந்திக்கொண்டாள். "தூங்குறவங்கள எழுப்பக் கூடாது டீச்சர்."

அவ்வளவு பெரிய செய்தியை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, ஒன்றுகூடத் தூங்காமல், ஒன்றுகூடச் சத்தம் போடாமல், நான் எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருந்திருக்கின்றன.