தோட்டுக்கு இன்சூரன்ஸ்

காமயகவுண்டன்பட்டி

மகளுக்கு,

உன் அம்மாவின் சிவப்புக்கல் தோட்டை இத்துடன் அனுப்புகிறேன். திருகாணி இறுகிப்போயிருந்தது, எண்ணெய் விட்டு நான்தான் கழற்றினேன். இனி அவளுக்கு அது வேண்டாம். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

நேரில் கொடுக்கலாமென்று, திராட்சை வெட்டு முடிந்ததும் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். தேனியிலேயே இறங்கிவிட்டேன்.

நேற்று கம்பம் தபாலாபீசில் விசாரித்தேன். "தங்கம்னா இன்சூர் பண்ணிருங்கய்யா. தொலைஞ்சா பணம் வந்துரும்" என்றாள் அங்கிருந்த பெண். அது தொலைந்தபின் பணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வேண்டாமென்று திரும்பினேன்.

அவள் விடவில்லை. "வாங்குறவக கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாக. ஒப்புகை அட்டையும் சேத்து அனுப்புனா, அந்தக் கையெழுத்து உங்களுக்கே திரும்பி வரும்" என்றாள்.

இன்று இன்சூர் செய்து, அந்த அட்டையையும் சேர்த்து அனுப்பப்போகிறேன்.

எங்களை விட்டுப் போய்க் கல்யாணம் செய்த பிறகு, உன் பெயருக்கு முன்னால் யாருடைய இனிஷியலைப் போடுகிறாய் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. இந்த அட்டையில் மட்டும் என்னுடையதைப் போடு, ஆத்தா.

அப்பா