பெற்றோல் வாடை வந்தால் நிறுத்திப் பார் என்றேன்

பிரியமுள்ள என் மச்சான் லிங்கத்துக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், அதைத்தானே நீ முதலில் கேட்பாய். புஷ்பா மறுபடி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கிவிட்டாள். கவிதா இந்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள். கணக்குப் பாடத்துக்கு மட்டும் கொட்டகலைக்கு வகுப்புக்குப் போகிறாள். உன் உயரம் வந்துவிட்டது பிள்ளைக்கு.

இதை உனக்கு மட்டும் எழுதி வைத்துக்கொண்டிருக்கலாம். நாலு பேர் வாசிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னைப் பற்றி ஊருக்குள் ஒரு பொய் நடமாடுகிறது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

நம்மைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நீயும் நானும் ஒரே தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். நீ என் தங்கை புஷ்பாவைக் கட்டினாய். நான் கொட்டகலை ரோட்டில் கராஜ் போட்டேன்; வண்டி பழுது பார்க்கிறவனை இங்கே 'பாஸ்' என்பார்கள். நீ பழைய தோட்டத்துரை பங்களாவைச் சுற்றுலா விடுதியாக்கிய முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தாய். அங்கேதான் அந்த வெள்ளைக் கார் உன் கைக்கு வந்தது.

ஜெர்மன் கார். வயது முப்பதுக்குப் பக்கம். தோல் சீட்டு, மரப் பலகை பதித்த டாஷ்போர்ட், கதவைச் சாத்தினால் சத்தமே கேட்காது. அதன் படத்தைப் போட்டுத்தான் முதலாளி விடுதிக்கு ஆள் பிடித்தார். நீயும் அதை அப்படித்தான் பார்த்துக்கொண்டாய். ஒருநாள் மழையில் கழுவி மழையிலேயே துடைத்துக்கொண்டிருந்தாய். நான் சிரித்தேன். "பாக்குறவங்க கண்ணுக்குச் சுத்தமா இருக்கணும்டா," என்றாய்.

வாடையை முதலில் கண்டுபிடித்தது நீயும் இல்லை, நானும் இல்லை. புஷ்பா.

"அண்ணே, அவரு சட்டையெல்லாம் பெற்றோல் அடிக்குது. ரெண்டு தரம் துவைச்சும் போகல. தலவலின்னு வேற படுத்துக்கிறாரு. என்னன்னு கேளுங்க," என்றாள்.

கேட்டேன். கொஞ்ச நாளாக இருக்கிறது என்றாய். டேங்க் நிரப்பிய அன்று பின் சீட்டுப் பக்கம் அடிக்கிறது, ஏற்றத்தில் போகும்போது முன்னால் அடிக்கிறது என்றாய். ஒரு காரில் இரண்டு இடத்தில் வாடை என்றால் இரண்டு இடத்தில் கோளாறு. ரப்பருக்கும் வயதாகும், மச்சான். வெளியே பெயிண்ட் மின்னிக்கொண்டிருக்கும். உள்ளே ஹோஸ் என்கிற ரப்பர் குழாய் காய்ந்து, கீறல் விட்டு, சொட்டுச் சொட்டாகக் கசியும். கீழே ஒரு துளி விழாது. சூட்டில் அப்படியே ஆவியாகிவிடும். வாடை மட்டும்தான் மிஞ்சும்.

பின்பக்கம் சுலபமாகப் போய்விட்டது. சீட்டைக் கழற்றி, டேங்க் மேல் இருந்த பம்ப்பின் ரப்பர் 'சீல்' வளையத்தை மாற்றினேன். இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. புஷ்பா தேங்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தனுப்பினாள், ஞாபகமிருக்கிறதா? பிறகு ஒரு காலையில் நீ காரைக் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை மூடும் பொனட்டைத் தூக்கினாய். எனக்குப் புரிந்துவிட்டது.

எஞ்சினுக்குப் பெற்றோல் கொண்டுபோகும் ஹோஸ். விரலால் வளைத்தேன், ஓரத்தில் தோல் வெடித்த மாதிரி கோடு கோடாக இருந்தது. அதில் வரும் பெற்றோல் சும்மா ஓடுவதில்லை, அழுத்தத்தோடு பாய்கிறது. அதற்கென்று உள்ள ஹோஸைத்தான் போட வேண்டும். கொழும்பில் கேட்டேன். வெளியிலிருந்துதான் வரவேண்டும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். ஹட்டன் கடைகளில் கிடைத்தது சாதாரண ஹோஸ். அதை வெட்டிப் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் இறுக்கினேன். காரைக் கராஜுக்குள் நகர்த்தி நிறுத்துவதற்குத்தான் அப்படிச் செய்தேன். ஓட்டுவதற்கு அல்ல.

மறுநாள் முதலாளியே வந்தார்.

"பாஸ், கார் ரெடியா?"

"இல்லீங்க ஐயா. இது தற்காலிகமாப் போட்டது. ஒரிஜினல் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க. வேன அனுப்புங்க."

"வெள்ளைக்காரங்க இந்தக் காரப் பாத்துத்தான் ரூமே எடுத்திருக்காங்க. ரெண்டு நாள்தான். பழைய கார்னா கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும்."

"வாடை இல்லீங்க ஐயா, கசிவு. பெற்றோல்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தார். "லிங்கம், ஓட்டுவியா?"

நீ "சரிங்க ஐயா" என்றாய்.

அவர் போன பிறகு உன்னை நான் ஏசினேன். இத்தனை வருடத்தில் உன்னை அப்படி ஏசியதில்லை. நீ கோபப்படவில்லை. ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "நான் மாட்டேன்னா வேற ஒருத்தன வச்சு ஓட்டுவாரு மச்சான். அவனுக்கு இந்த வாடையே தெரியாது. எனக்காவது தெரியுது."

சாவியை நான் எடுத்து ஒளித்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அதற்குப் பதிலாக ஒரு புத்தி சொன்னேன். அந்தப் புத்தியைத்தான் மாதக்கணக்காக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"சரி, மெதுவாப் போ. வாடை கூடுச்சுன்னா ஓரமா நிப்பாட்டி, பொனட்ட தொறந்து ஹோஸப் பாரு."

திறக்கவே கூடாது, மச்சான். எஞ்சின் சூட்டில் இருக்கும்போது உள்ளே பெற்றோல் ஆவி அடைத்துக்கொண்டு நிற்கும்; திறந்தால் காற்றுப் பட்டுப் பற்றிக்கொள்ளும். காரை அணைத்து, ஆட்களை இறக்கி, தூரப் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான். பதினெட்டு வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது நான் போட்ட கிளிப் கழன்றுவிடுமோ என்கிற கவலை மட்டும்தான். என் வேலையை நீ பார்த்துக்கொள்வாய் என்று நினைத்துவிட்டேன்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலை ஒரு விரல்கடை இறக்கி வைத்துப் போனேன், அந்த வெள்ளைக்கார அம்மாவுக்குக் குளிர்கிறதென்று ஏற்றச் சொல்லிவிட்டார்கள் என்று போனில் சொன்னாய். இரண்டாம் நாள், தலவாக்கலை தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் ஒரு வளைவு. மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். கார் ஓரமாக நின்றது. நீ இறங்கிப் பின் கதவைத் திறந்தாய். அந்த அம்மா இறங்கிவிட்டார். அவர் கணவருக்கு முழங்கால் வலி, நீ அவரைக் கிட்டத்தட்டத் தூக்கி வெளியே எடுத்தாய். இருவரையும் வளைவுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் மதகுச் சுவரில் உட்கார வைத்தாய். பிறகு திரும்பி வந்தாய்.

"அப்புடியே போயிருந்தா ஒன்னும் ஆயிருக்காதுங்க," என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். "திரும்பி வந்து மூடிய தூக்குனாருங்க. குப்புன்னுச்சு."

எனக்குச் சேதி வந்து நான் போய்ச் சேரும்போது காரில் வெள்ளை என்று எதுவும் மிச்சமில்லை. அந்த வெள்ளைக்கார அம்மா ரோட்டில் உட்கார்ந்து, உன் தலையைத் தன் குளிர் சட்டை மேல் வைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் பாஷையில் உன்னோடு பேசிக்கொண்டே இருந்தார். நீ கேட்டுக்கொண்டிருந்தாயா?

ஆறு நாள் வார்டில் இருந்தாய். கையும் முகமும் கட்டுப்போட்டு, கண் மட்டும் வெளியே. மூன்றாம் நாள் பேச்சு வந்தது. முதலில் கேட்டது அவர்களைத்தான்.

"அவங்க ரெண்டு பேருக்கும் ஒன்னுமில்லல்ல?"

"இல்லடா. நல்லா இருக்காங்க."

கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, "ஹோஸ் நல்லாத்தான் இருந்துச்சு மச்சான். நீ போட்டது கழறல," என்றாய்.

அது உண்மையா? பொனட்டைத் தூக்கிய அந்த ஒரு நொடியில் நீ எதைப் பார்த்திருக்க முடியும்? நான் போட்ட ஹோஸா கசிந்தது, நான் தொடாத வேறு ஒரு சீலா? எல்லாம் எரிந்துவிட்டது. அந்தக் கரிக்குள் இரண்டு தரம் போய்த் தேடினேன். கிளிப் ஒன்று கிடைத்தது, இறுகித்தான் இருந்தது. மற்றது கிடைக்கவில்லை. நீ பார்த்ததைச் சொன்னாயா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாயா? அதைக் கேட்க எனக்கு மூன்று நாள் இருந்தது. கேட்கவில்லை.

அதே மூன்றாம் நாள்தான் முதலாளியின் ஆள் வார்டு வாசலுக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தான். சிங்களத்தில் டைப் பண்ணியிருந்தது. "இன்சூரன்சுக்குத்தான் பாஸ், லிங்கத்துக்கு நல்லதுதான்," என்றான். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. உள்ளே நீ முனகிக்கொண்டிருந்தாய். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் ஊரில் கதை கிளம்பியது. லிங்கம் சுருட்டு பற்றவைத்தான், அதில்தான் கார் பிடித்தது என்று. பஸ்ஸில் பக்கத்தில் ஒருவன் பீடி பிடித்தால் எழுந்து நிற்கிறவன் நீ. புஷ்பா கடைக்குப் போன இடத்தில் ஒருத்தி இதை முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள். நான் கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதத்தின் பிரதியை வாங்கிக்கொண்டு, கவிதாவின் டீச்சரிடம் வாசிக்கச் சொன்னேன். அவர் மெதுவாகத்தான் வாசித்தார். வாகனம் முழுதாகப் பழுது பார்க்கப்பட்டது, எந்தக் குறையும் இல்லை, ஓட்டுவதற்கு ஏற்ற நிலையில் ஒப்படைத்தேன் என்று நான் சொல்லியிருக்கிறேனாம். காரில் குறை இல்லையென்றால் குறை யாரிடம்?

பொலிசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி மோசமான மனுஷன் இல்லை. உட்காரச் சொன்னார், முழுதும் கேட்டார். பிறகு, கோப்பு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது, விசாரணை நாளில் வந்து சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை மாற்றிச் சொன்னால் உங்களையும் கேள்வி கேட்பார்கள் என்றார். விசாரணை இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது.

போன மாதம் இன்னொரு கார் வந்தது. கொழும்பிலிருந்து ஒருவர், குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போகிறார். அதுவும் பெரிய கார், அதுவும் பழசு. உள்ளே தலையை விட்டதுமே அந்த வாடை. பின்னால் இரண்டு பிள்ளைகள் ஜன்னலை ஏற்றிக்கொண்டு தூங்குகிறார்கள். "இதுல போகாதீங்க சார், வேன் பிடிச்சுத் தாறேன், கார் இங்கயே இருக்கட்டும்," என்றேன். உன்னைப் பற்றிக்கூடச் சொன்னேன். அவர் மனைவி இறங்கப் பார்த்தார். ஆனால் அந்த மனுஷன், "இவ்வளவு தூரம் இதுலதானே வந்தோம்," என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரோட்டில் கொஞ்ச தூரம் பின்னால் ஓடினேன். பனிக்குள் பின் விளக்கு மறைகிறவரைக்கும் நின்றேன். அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் ரேடியோ கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கடிதத்தையும் சொன்னேன், பொனட்டையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. ஆய்ந்து முடித்து, தண்டையெல்லாம் கூட்டி அள்ளி, கை கழுவிய பிறகுதான் பேசினாள்.

"இத எங்கிட்ட சொல்லிட்டா ஒங்களுக்கு மனசு ஆறிரும் அண்ணே. நான் இத வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னீங்கன்னு அவரு செஞ்சாரு. நீங்க என்ன சொன்னாலும் செய்வாரு. அது ஒங்களுக்குத் தெரியும்."

அன்றைக்கு அவள் எனக்குத் தேத்தண்ணி தரவில்லை. இப்போது ஐந்து வாரமாகிறது. நான் போனால் கதவைத் திறக்கிறாள், பிள்ளையைப் பேசச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். கவிதாவுக்கு அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை; இது பத்திரிகையில் வருவதற்குள் நானே சொல்ல வேண்டும். பிள்ளை மாமா மாமா என்று சுற்றி வருகிறாள், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நீ இருந்தால் இதற்கு ஒரு வழி சொல்வாய். குறைந்தது என்னை ஏசவாவது செய்வாய். ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும், மச்சான்.

அடுத்த மாதம் விசாரணை என்று கடிதம் வந்திருக்கிறது. மறுபடி தள்ளிப்போகலாம். நான் பேசி ஒன்றும் மாறாமலும் போகலாம். முதலாளிக்கு இரண்டு வக்கீல்கள் இருக்கிறார்கள், எனக்குப் பேசவே சரியாக வராது. ஆனாலும் எத்தனை தடவை தள்ளினாலும் அத்தனை தடவையும் போவேன். கார் ஓட்டுகிற நிலையில் இல்லை என்று சொல்வேன். எடுக்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னதைச் சொல்வேன். லிங்கம் புகைக்கிறவன் இல்லை, இரண்டு உயிரை முதலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் அவன் திரும்பினான் என்று சொல்வேன். அவன் ஏன் திரும்பினான் என்று கேட்பார்கள். நான் சொன்னதால் என்று சொல்வேன். கவிதாவும் வருவேன் என்கிறாள். அவளை வரவேண்டாம் என்று தடுக்க மாட்டேன். அவள் முன்னாலேயே சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் கூடப் பிறக்காதவன்,
உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
உன் மச்சான் கணேசன்