அம்மாவின் கப்பலுக்குச் சோப்பு ஆகாது

கப்பலில் இருக்கும் நர்ஸம்மாவுக்கு, கரையில் மகளிடம் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரன் எழுதுவது.

இருவரும் நலம். நம் வாண்டு நேற்றுவரை சோப்பு போட்டுக் குளிக்கவில்லை. காரணத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. வெளியே விடாததால் என் உயிரை வாங்கினாள். கிண்ணத் தண்ணீரில் மெல்லிய காகிதத்தைப் போட்டு, அதன்மேல் குண்டூசியைப் படுக்கவைத்தேன். காகிதம் ஊறி அடியில் போனது. ஊசி மேலேயே நின்றது. தண்ணீரின் மேல்பக்கம் இழுத்துக் கட்டிய தோல் மாதிரி, பரப்பு இழுவிசை என்று பெயர் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டேன். ஊசி பொசுக்கென்று முழுகியது. கைதட்டுவாள் என்று பார்த்தால், முகம் சுண்டிப்போய், அம்மா கப்பல்ல எதைப் போட்டுக் குளிக்கிறா என்று கேட்டாள்.

சோப்புதான் என்றேன். வீடு இரண்டுபட்டது. சோப்பு போடாதேன்னு இப்பவே போன் பண்ணுப்பா என்று ஒரே அழுகை. நடுக்கடலில் போன் எடுக்காது என்று நான் சொன்னது இன்னும் மோசமாகிவிட்டது. அன்றிலிருந்து தானும் சோப்பைத் தொடமாட்டாளாம். நம்ம வீட்டுத் தண்ணியும் கடலுக்குத்தானே போகுது என்கிறாள். வாதத்தில் ஓட்டை இல்லை. உன் ரத்தம்.

நேற்று பொறுமை போய்விட்டது. குளியல் தொட்டியை நிரப்பி, பெரிய எவர்சில்வர் பாத்திரத்தை மிதக்கவிட்டு, சோப்புக் கரைசலைப் பாட்டிலோடு கவிழ்த்தேன். நுரை விளிம்பைத் தாண்டியது. பாத்திரம் துளிகூட இறங்கவில்லை. ஊசியைத் தாங்கினது அந்தத் தோல். கப்பலைத் தாங்குவது கப்பல் விலக்கித் தள்ளுகிற தண்ணீர், தள்ளியது எத்தனை எடையோ அத்தனை விசையோடு கப்பலைத் தூக்கும், சோப்புக்கு அங்கே வேலையே இல்லை என்றேன். என்னை நம்பாமல் பாத்திரத்தைத் தானே அமுக்கிப் பார்த்தாள். கையை எடுத்ததும் மேலே வந்தது. மறுபடி அமுக்கினாள். பிறகு நுரைக்குள் இறங்கி, விரல் நுனியெல்லாம் சுருங்கும்வரை ஊறினாள்.

தலை துவட்டும்போது புதுக் கேள்வி: அம்மா இறங்கினா கப்பல் கொஞ்சம் மேல வருமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரும், தலைமுடித் தடிமனில் பாதிகூடத் தேறாது, கண்ணுக்குத் தெரியாது என்றேன். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்றாள்.

ஆகவே துறைமுகத்துக்கு இருவரும் வந்து நிற்போம். படியில் அவசரப்படாமல், மெதுவாக இறங்கு. நானும் பார்க்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்