மூன்று அணில் பற்கள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அகழாய்வுக் குகைக்குள் குனிந்தே உட்கார்ந்திருக்காதே, முதுகுவலி உனக்குப் புதிதில்லை.

நீ அனுப்பிய ஐந்தாம் அடுக்கு மண்ணை ஆய்வகத்தில் சல்லடையிலிட்டு அலசிவிட்டேன். எல்லாம் புல் தின்னும் எலிகளின் பற்கள். அந்தக் காலத்தில் அங்கே வறண்ட புல்வெளிதான் இருந்திருக்கிறது. ஆனால் நடுவில் மூன்று பற்கள் பறக்கும் அணிலுடையவை. மரமே இல்லாத இடத்தில் அது எங்கிருந்து பறந்து வந்தது? "அங்க அப்பவே காடு இருந்துச்சுக்கா, நிரூபிச்சுக் காட்டுறேன் பாரு" என்று போன வருடம் சவால் விட்டவன் நீ. அதனால்தான் கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு பரவாயில்லை. மண்ணை வெட்டினேன், பையில் கட்டினேன், அடுக்கு எண் எழுதி அனுப்பினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அணில் பல் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். உன் கடிதத்தில்தான் சந்தோஷத்தைக் காணோம். சுற்றி வளைக்காமல் கேள்.

தம்பி

மார்ச் 17

தம்பி,

சரி, கேட்கிறேன். அந்த மூன்று பற்களின் வேரிலும் சிவப்பு மண் ஒட்டியிருக்கிறது. ஐந்தாம் அடுக்கு சாம்பல் நிறம். சிவப்பு மண் மூன்றாம் அடுக்கில்தான் உண்டு, காடு வந்த பிற்காலத்து மண் அது. பைகளைக் கட்டியவன் நீ ஒருவன்தான். நெருப்பில்லாமல் புகையாது. பற்களைக் கலந்தது நீதான் என்று அகழாய்வு இயக்குநருக்கு எழுதிவிட்டேன். தம்பி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள என்னால் முடியாது.

அக்கா

ஏப்ரல் 2

என் தம்பிக்கு,

நேற்று சல்லடையின் வலையைக் கழற்றினேன். விளிம்பு மடிப்பில் இன்னொரு அணில் பல், அதே சிவப்பு மண்ணோடு. உன் ஐந்தாம் அடுக்கு மண்ணுக்கு முன் மூன்றாம் அடுக்கை அதில்தான் அலசினேன். ஒழுங்காகக் கழுவாதவள் நான்.

இயக்குநரிடம் போய் ஒப்புக்கொண்டேன். "அவரை வேலையிலருந்து நிறுத்திப் பத்து நாளாச்சேம்மா" என்றார். உன்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுடா.

உன் அக்கா

ஏப்ரல் 15

மதிப்பிற்குரிய ஆய்வக அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறாம் அடுக்கு மண், பதினான்கு பைகள், அனுப்பியுள்ளேன். ஒவ்வொரு பையும் இரண்டு பேர் முன்னிலையில் கட்டப்பட்டது. அவர்களுடைய கையெழுத்து உள்ளே இருக்கிறது.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
அகழாய்வுப் பொறுப்பாளர்