‘தொடரவும்’ என்றொரு பொத்தான்

பிப்ரவரி 3, 2025
திருச்சானூர். காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. இணைய மன்றத்தில் எவனோ ஒருவன், நான் எழுதிய நிரலை எப்படி நிறுவுவது என்று மறுபடியும் கேட்டிருக்கிறான். ‘எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். சோம்பேறிகளுக்குப் பதில் சொல்வதில்லை’ என்று போட்டேன். அதன்பிறகு சத்தமில்லை. நல்லது.

பிப்ரவரி 9
வரதய்யபாளையம் போய் வந்தேன். போயிருக்கவே கூடாது.

தங்கை காஞ்சனாவின் பட்டறையில் இரும்பைச் செதுக்கும் பழைய மில்லிங் மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி செத்தபோது, ஒரு கம்ப்யூட்டரை வைத்து, இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளைப் போட்டு உயிர் கொடுத்தது நான். இன்று திரையைப் பார்க்கிறேன் – ஹரிபிரசாத்தின் கம்பெனிப் பெயர். அங்கே வேலை செய்யும் சுமித்ரா ஒரு பொத்தானை அழுத்தினாள். அளக்கும் ஊசி இறங்கி இரும்பைத் தொட்டது, கொஞ்சம் எழும்பியது, இரண்டாவது முறை மெதுவாகத் தொட்டு உயரத்தைக் குறித்துக்கொண்டது. அந்த இரண்டாவது தொடல் என்னுடையது. நான் எழுதி ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தது.

“இது நான் எழுதினது, தெரியுமா?” காஞ்சனாவைக் கேட்டேன்.

“தெரியும். அவரே சொன்னாரு.”

“அப்புறம் இன்னாத்துக்குக் காசு குடுத்து வாங்கின?”

“உன்ன ஒண்ணு கேட்டா ஒம்போது திட்டு வாங்கணும். அவரு தெலுங்குல கேட்டாலும் சொல்றாரு, தமிழ்ல கேட்டாலும் சொல்றாரு. வாங்கன்னா வர்றாரு. நீ இன்னா பண்ணுவ? லிங்க் அனுப்புவ.”

சுமித்ரா சிரிப்பை மறைக்க மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை. “உம் புருஷன் உயிரோட இருந்தா இப்டி ஏமாந்திருக்க மாட்டான்” என்று காஞ்சனாவைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

காஞ்சனா கையைத் துடைத்துக்கொண்டாள். “போண்ணா. இனிமே எனக்குப் போன் பண்ணாத.”

சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

பிப்ரவரி 10
ஹரிபிரசாத். கல்லூரியில் வேலை பார்த்தபோது எனக்குப் பக்கத்து மேஜை. என்னை வேலையிலிருந்து வெளியே அனுப்பிய கூட்டத்தில் தலை நிமிராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்த உத்தமன்.

விற்க அவனுக்கு உரிமை உண்டு. தெரியும். யாரும் எடுத்து விற்கலாம் என்ற உரிமத்தைத் தேர்ந்தெடுத்தவனே நான்தானே? ஆனால் வாங்கியவர் கேட்டால் மூல நிரலைக் கொடுத்தாக வேண்டும். காஞ்சனாவுக்காகக் கேட்கிறேன் என்று எழுதிவிட்டேன். தரமாட்டான். தராவிட்டால் மன்றத்தில் அவனைக் கிழித்துத் தொங்கவிடலாம்.

பிப்ரவரி 11
கொடுத்துவிட்டான். முழுவதும். முதல் வரியில் என் பெயர், அப்படியே. கூடவே ஒரு குறிப்பு: ‘நல்லா இருக்கீங்களா சார்? தப்பு ஏதாவது கண்ணுல பட்டா சொல்லுங்க.’

திருடனாகவாவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

பிப்ரவரி 13
தப்பு தேடுகிறேன். எழுதத் தெரிந்தவன்தான். எரிச்சலாக இருக்கிறது.

பிப்ரவரி 14
காலையில் கண்டுபிடித்தேன். ஊசி அளந்துகொண்டிருக்கும்போது எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால், என் நிரல் பழைய உயரத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து அளக்கச் சொல்லும். அதை எல்லோரும் தொல்லை என்றார்கள். அதற்காக இவன் ‘தொடரவும்’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறான். அழுத்தினால் பழைய உயரத்தோடு வேலை தொடங்கும். நடுவில் உயரமான வேறொரு துண்டை மாட்டியிருந்தால்? சுழலும் கட்டர் முழு வேகத்தில் அதற்குள் போய் இடிக்கும். உடைந்து பறக்கும்.

எனக்கு என்ன சந்தோஷம். மன்றத்தில் போட ஒரு பக்கம் எழுதினேன். ‘அரைகுறைகள் காசுக்கு விற்றால்’ என்று தலைப்புக்கூட வைத்தாயிற்று. அப்புறம்தான் உறைத்தது – காஞ்சனாவின் மெஷினில் தடுப்புக் கதவு கிடையாது. கழற்றி மூலையில் சாத்தியிருக்கிறாள். சுமித்ரா குனிந்து, முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் பார்ப்பாள்.

காஞ்சனாவுக்குப் போன் செய்தேன். துண்டித்தாள். மறுபடியும். துண்டித்தாள். செய்தி அனுப்பினேன், பார்க்கவில்லை. சுமித்ராவின் நம்பர் என்னிடம் இல்லை. பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிடும். காஞ்சனா யாருடைய போனை எடுப்பாள்?

வேறு வழி? அவனைத்தான் கூப்பிட்டேன்.

“சார்! செப்பண்டி சார், சொல்லுங்க, எப்படி—”

“காஞ்சனாவ மெஷின நிறுத்தச் சொல்லு.”

“என்ன ஆச்சு சார்?”

“சொல்லிக்கினு இருக்க நேரமில்லடா. மொதல்ல நிறுத்து, அப்புறம் கேளு.”

மறுகேள்வி கேட்கவில்லை. உடனே வைத்துவிட்டான். திரும்ப அழைக்கும்வரை நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன்.

“நிறுத்திட்டாங்க சார். காலையில ஒரு கட்டர் ஒடஞ்சுதாம். துண்டு பறந்து சுமித்ரா பின்னால செவுத்துல பட்டுச்சாம். கட்டர் மட்டமான சரக்குன்னு நெனச்சு வேற மாட்டிக்கினு இருந்தாங்க.”

பிறகு விஷயத்தைச் சொன்னேன். “நான் வெச்ச பொத்தான் சார்” என்றான்.

“காஞ்சனா இன்னா சொன்னா?”

“நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்கன்னேன். போன வெச்சுட்டாங்க சார்.”

பிப்ரவரி 15
தடாவிலிருந்து புத்தூர்வரை, வாங்கியவர்கள் எல்லோரையும் அவனே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறான். பொத்தானை எடுத்துவிட்டான். மன்றத்திலும் எழுதிவிட்டான் – தப்பு தன்னுடையது, கண்டுபிடித்தது நான் என்று. நான் எழுதி வைத்த ஒரு பக்கத்தால் இனி யாருக்கு என்ன பயன்? அவனைத் திட்டும் வேலையைக்கூட அவனே செய்துகொண்டான்.

பிப்ரவரி 20
நேரில் வந்தான். காலையெல்லாம் தான் ரோட்டில் இருப்பதாகவும், உதவி கேட்டு வரும் போன்களை எடுக்க விஷயம் தெரிந்த ஆள் இல்லை என்றும் சொன்னான்.

“நான் உன் கம்பெனி குமாஸ்தாவா?”

“இல்ல சார். இனிமே உங்களுக்குக் காட்டாம எதையும் அனுப்பப் போறதில்ல. அதோட போனும் எடுத்தீங்கன்னா...”

“அன்னிக்குக் கூட்டத்துல ஏண்டா வாய தொறக்கல?”

“பயம் சார். புதுசா கல்யாணம் ஆயிருந்தது.”

இதெல்லாம் ஒரு பதிலா? காபி கொடுத்தேன். மன்னிக்கவில்லை.

பிப்ரவரி 24
ஒப்புக்கொண்டேன். என் பெயர் போட்ட சரக்கு எந்த மெஷினில் போகிறது, என்ன செய்கிறது என்று ஒருவன் பார்த்தாக வேண்டும். அவ்வளவுதான். சம்பளம் வாங்குவேன். சும்மா கொடுத்த காலம் போதும்.

மார்ச் 3
இன்றுமுதல் காலை நேரத்தில் ஹரிபிரசாத் நம்பருக்கு வரும் அழைப்புகள் என் போனுக்குத் திருப்பப்படுகின்றன. முதலில் தடாவிலிருந்து ஒருவர், மெஷினை ஆன் செய்யாமலே ஓடவில்லை என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்தது காஞ்சனா. “ஹரி, கொஞ்சம் அவசரம்—” என்று ஆரம்பித்தாள்.

“நாந்தான்” என்றேன்.

வைத்துவிடுவாள் என்று காதிலிருந்து போனை எடுக்கப் போனேன்.

“ஸ்க்ரீன்ல மஞ்சக் கலர்ல இன்னாவோ வந்துக்கினே கீது” என்றாள்.

“இன்னா போட்டுக்கீது, சொல்லு” என்றேன்.