யாரும் கை தூக்காத கதை

அன்புள்ள ரேவதி அக்கா,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே உங்கள் ஜெராக்ஸ் கடையின் ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற ஜனங்கள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். அந்தக் கடைக்காரர் வேகமாகத்தான் டைப் அடிக்கிறார். எதிரில் நிற்பவர் பேசி முடிப்பதற்குள் பிரிண்ட் வந்துவிடுகிறது.

உங்களுக்குச் சொல்ல நல்ல செய்தி கம்மிதான். நம் வாசிப்பு வட்டம் பெரிய இடத்துக்குப் போய்விட்டது. டியூஷன் சென்டர் மாடியும் ஆடுகிற பெஞ்சுகளும் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். இப்போது செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அறைகளுக்கு நடுவே, ஒரு கஃபேயின் மாடியில் கூடுகிறோம். மூங்கில் நாற்காலி, மண் குவளையில் இஞ்சி டீ. இனி கூட்டம் என்று சொல்லக் கூடாதாம், 'பயிலரங்கு' என்றுதான் சொல்ல வேண்டுமாம். உள்ளே நுழைந்ததும் எல்லார் கழுத்திலும் பெயர் எழுதிய அட்டையை மாட்டிவிடுகிறார்கள்.

பெயர் அட்டை, அக்கா. நம் வட்டத்தில்! உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா?

இந்தக் கடிதத்தைப் பிற்பாடு மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் நம் பழைய வழக்கத்தை அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு கூடுவோம். அன்றைக்குப் பௌர்ணமி வந்துவிட்டால் கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது என்பதால் ஒரு வாரம் தள்ளிவைப்போம். எழுதியவர்கள் எல்லாரும் முன்கூட்டியே உங்கள் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுத்தில், பெயர் போடாமல் அடித்து, ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டு எடுத்து வருவீர்கள். யாராவது ஒருவர் பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து வாசிப்பார். மற்றவர்கள் மனதில் பட்டதைச் சொல்லலாம். எழுதியவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாம் பேசி முடித்த பிறகு, "யாருங்க எழுதினது? கை தூக்குங்க" என்று கேட்டால்தான் கையைத் தூக்க வேண்டும். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற தணிகாசலம் சாரே இப்படி எத்தனை அடி வாங்கியிருக்கிறார்!

எது யாருடையது என்று உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். அதனாலேயே நீங்கள் எந்தக் கதையைப் பற்றியும் கருத்துச் சொல்ல மாட்டீர்கள். ஜன்னலோரம் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அந்த அழகில் எங்களுக்கு எழுத்தாளர் என்று பெயர்.

என் மாத்திரைக் கதை ஞாபகம் இருக்கிறதா? கீழ்பென்னாத்தூரில் என் மருந்துக்கடைக்கு ஒரு பெரியவர், மனைவி இறந்த பிறகும் மாதாமாதம் அவள் மாத்திரையை வாங்க வருவதைப் பற்றி எழுதியிருந்தேன். கடைசியில் அன்பு என்றால் என்ன என்று ஒரு பாரா விளக்கம் வேறு. கூட்டத்தில் வாசித்தபோது அந்தப் பாராவைக் காணோம். "வழக்கம்போல ரெண்டு பட்டை குடுப்பா" என்று பெரியவர் கேட்பதோடு கதை நின்றுவிட்டது. எல்லாரும் அந்த முடிவைத்தான் புகழ்ந்தார்கள். டீ குடிக்கும்போது உங்களிடம் வந்து, "அக்கா, கடைசி பாரா வுட்டுப் போச்சே" என்று கேட்டேன்.

"மறந்துட்டேன் போல, தம்பி. இப்படியே இருக்கட்டுமே, நல்லாத்தான் இருக்குது" என்றீர்கள்.

ஒரு எழுத்துக்கூட விட்டுப்போகாமல் அடிக்கிறவர் ஒரு பாரா முழுவதையும் மறப்பாரா என்று நான் யோசிக்கவில்லை. அந்தக் கதை பத்திரிகையில் வந்தது. அந்த முடிவால்தான் எனக்கு இந்த ஊரில் ஒரு பெயர் வந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் சார் பையிலிருந்து ஒரு கதையை எடுத்து வாசித்தார். ஒரு கிராமத்துப் பெண் வாராவாரம் வந்து, வீட்டுக்குப் போகிற வழியை அடைத்துவிட்டார்கள் என்று ஒரே மனுவை அடித்து வாங்கிக்கொண்டு போகிறாள். ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. மனு அடித்துக் கொடுக்கிற பெண் கடையைச் சாத்திவிட்டு, அந்தக் காகிதத்தோடு தானே போய் வரிசையில் நிற்கிறாள். உள்ளே அதிகாரி அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, யார் அது என்று கேட்கிறார். டைப் அடிக்கிறவள் கையைத் தூக்குகிறாள். அதோடு கதை முடிகிறது.

யார் எழுதியது என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. யாரோ உங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தோம். நீங்கள் டைப் அடிக்கிறவர். எழுதுகிறவர்கள் நாங்கள் அல்லவா?

முதலில் பேசியது நான்தான்.

"இது கதையே இல்லைங்க, மனு. முடிவு சுத்தமா ஒட்டல. யாரோ ஒருத்திக்காக இன்னொருத்தி போய் கை தூக்குவாளா? நம்புற மாதிரி எழுத வேணாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். "மனுவா இருந்தா அக்காகிட்டயே குடுத்துடலாம்" என்று யாரோ சொன்னார்கள். மறுபடியும் சிரிப்பு. நீங்களும் சிரித்தீர்கள் அக்கா, அதை நான் பார்த்தேன். பிறகு சார் வழக்கம்போல, கை தூக்கச் சொன்னார். ஒருவரும் தூக்கவில்லை. நம் வட்டத்தில் அப்படி நடந்தது அது ஒரு தடவைதான்.

"வெக்கமா இருக்கும், வுடுங்க சார். அடுத்தத எடுங்க" என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் கதைகளை அடித்துக் கொடுத்தீர்கள். என்னுடையதையும்தான். அடிக்கும்போது என்ன நினைத்தீர்கள்? என் முடிவைத் திருத்திக் கொடுத்த உங்களிடம், உங்கள் முடிவு ஒட்டவில்லை என்று நான் சொன்னபோது, "போடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நீங்கள் நெஞ்சுவலியில் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உங்கள் மகள் கயல் என் கடைக்கு வந்தாள். கையில் ஒரு கவர்.

"அம்மா கம்ப்யூட்டர்ல மனுவுங்களுக்கு நடுவுல இருந்துச்சு மாமா. இது ஒண்ணுதான் முழுசா இருக்குது. இன்னும் ஏழெட்டுக் கதை பாதி பாதில நிக்குது."

கவரைப் பிரித்து முதல் வரியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நான் மனு என்று சொன்ன அதே கதை.

"தேதி பாத்தேன். இதுக்கு அப்புறம் எதையுமே அவங்க தொடல. என்ன ஆச்சுன்னு தெரியல. அம்மா எழுதுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாதும்மா" என்றேன். பொய் இல்லை. ஆனால் என்ன ஆச்சு என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது, அதைச் சொல்லவில்லை. இருமல் மருந்து கேட்டு ஒருவர் வந்தார். அவரைக் கவனிக்கப் போய்விட்டேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு கஃபே மாடியில் உங்களுக்கு நினைவஞ்சலி. போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்கள். பெயர் அட்டை மாட்டுகிற பெண் உங்களையும் விடவில்லை. மாலைக்கு மேல் ஒன்று தொங்கியது: 'ரேவதி, தட்டச்சு உதவி.' தணிகாசலம் சார் கண் கலங்கிப் பேசினார்.

"நமக்காக விரல் தேய உழைச்ச சகோதரிங்க. ஒரு நாளும் தனக்குன்னு எதையும் கேட்டது கெடையாது."

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். உங்கள் கதை என் பையில்தான் இருந்தது. எடுத்து வாசித்திருக்கலாம். நான் என்ன பேசினேன் தெரியுமா? "அக்கா அடிச்சா ஒரு எழுத்துப் பிழை இருக்காதுங்க" என்றேன். கை தட்டினார்கள். வந்து உட்கார்ந்துகொண்டேன். என்னைவிடக் கேடுகெட்டவன் அன்றைக்கு அந்த மாடியில் யாரும் இல்லை.

இன்னும் கேளுங்கள். உங்கள் பெயரில் மாதாமாதம் பயிலரங்கு நடத்தப் போகிறார்கள். முதல் வகுப்பை எடுக்கப் போவது நான். தலைப்பு, 'கதையை முடிப்பது எப்படி.' மாத்திரைக் கதையை எழுதியவர் ஆயிற்றே என்று தணிகாசலம் சார் தோளில் தட்டினார். அப்போதும் மண்டையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன். இந்த ஊரில் எனக்கு இருப்பது அந்த ஒரு பெயர்தான் அக்கா. அதை இழக்கப் பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வருகிற இரண்டாம் ஞாயிறு அந்த வகுப்புக்குப் போவேன். கயலிடம் கேட்டு உங்கள் மஞ்சள் பையை வாங்கி வைத்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு கதைதான் இருக்கும். முதலில் எல்லாரையும் அட்டையைக் கழற்றச் சொல்வேன். தணிகாசலம் சாரையே வாசிக்கச் சொல்வேன். என்னுடைய அந்தக் கடைசிப் பாரா எங்கே போனது என்பதையும் அங்கே சொல்லிவிடுவேன். கயலையும் வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் முன்வரிசையில் இருக்க வேண்டும், அவள் முகத்தைப் பார்த்துத்தான் நான் பேச வேண்டும். அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடாமல் போனாலும் சரி.

வாசித்து முடித்ததும் சார் பழக்க தோஷத்தில் கேட்பார், "யாருங்க எழுதினது? கை தூக்குங்க."

நான் தூக்குவேன் அக்கா. தூக்கியபடியே உங்கள் பெயரைச் சொல்வேன். யாரோ ஒருத்திக்காக இன்னொருத்தர் கை தூக்குவார்களா என்று கேட்டவன் யார் என்பதையும் சொல்வேன்.

நீங்கள் திருத்திக் கொடுத்தும் திருந்தாத
உங்கள் தம்பி
சேகர்
கீழ்பென்னாத்தூர்