பீடத்துணியின் ஓரம்

பிப்ரவரி 11, 2024, ஞாயிறு

மாவு பொங்கி ஃபிரிட்ஜ் தட்டெல்லாம் வழிந்திருந்தது. அதைத் துடைத்து முடிப்பதற்குள் அபிஷேக் நூல்கண்டை பால்கனிவரை இழுத்துக்கொண்டு போய்விட்டான். நாலு வயது. அடிக்கவும் மனசு வரவில்லை, விடவும் வரவில்லை.

குரோஷா ஊசியில் இப்போது இருப்பவை: மகள் டெல்ஃபி மே மாதம் முதல்முறையாக நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மைக்கு வெள்ளைக் கையுறை (ஒரு கை முடிந்தது), அபிஷேக்குக்கு ஆரம்பித்து, அதற்குள் அவன் தலை பெரிதாகிவிட்ட குல்லா, யாருக்கென்றே தெரியாத டீப்பாய் விரிப்பு. படிப்பது: நூலகத்தில் எடுத்த தடித்த துப்பறியும் நாவல். கொலை செய்தது டாக்டர்தான் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் பிரகாசம் அண்ணன் வீட்டில் அன்பியக் கூட்டம். எங்கள் தெருக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை சேர்ந்து ஜெபிப்பது. ஈஸ்டருக்குப் புதுப் பீடத்துணி வேண்டும் என்று ஃபாதர் பால்ராஜ் சொன்னாராம். கோவிலில் பூ அலங்காரம் பார்க்கும் ஹெலினா அக்கா, டெல்ஃபியின் கையுறையைத் தூக்கிக் காட்டி, "இன்னா கைமா இது! ஓரத்துக்கு லேஸ் இவளே போட்டுக் குடுப்பா" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

"போட்டுடலாம்" என்றேன். பீடம் எவ்வளவு நீளம் என்றுகூடக் கேட்கவில்லை. வாய்க்கொழுப்பு.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு ஆபீஸ் போனேன். அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் ஹெல்மெட் உரசி அது அழிந்துவிட்டது.

ஈஸ்டர்வரை நாற்பது நாள் தவக்காலத்துக்கு என் தீர்மானம்: நாவல் கிடையாது. கோவில் பங்கு நூலகத்தில் எடுத்த புனிதையின் வரலாறு தினம் ஒரு அத்தியாயம், லேஸ் தினம் ஒரு முழம். வடிவம் முடிவாகிவிட்டது. திராட்சைக் கொத்து, கோதுமைக் கதிர், மறுபடி திராட்சை.

பிப்ரவரி 27, செவ்வாய்

டாக்டர் இல்லை. அவருடைய மச்சினிச்சி.

ஆமாம், படித்துவிட்டேன். பாத்ரூமில் உட்கார்ந்து. "வயிறு சரியில்லையா?" என்று பெனிட்டோ கதவைத் தட்டிக் கேட்டார். கணவரிடம் வயிற்றுவலி என்று சொல்லிக் கொலைக்கதை படிக்கிற தவக்காலம்! புனிதை இரண்டாம் அத்தியாயத்திலேயே காத்துக்கொண்டிருக்கிறாள். லேஸ் ஒரு கொத்து திராட்சையோடு நிற்கிறது.

மார்ச் 16, சனி

இயர் எண்ட். சம்பளப் பட்டியல், வரிக் கணக்கு, எல்லாம் என் தலையில். அபிஷேக்குக்குக் காய்ச்சல். டெல்ஃபிக்கு முழுப் பரீட்சை.

லேஸ் என் கை நீளத்துக்கு வந்திருக்கிறது. பீடத்துக்கு முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் வேண்டும். இப்படியே போனால் அடுத்த ஈஸ்டருக்குத்தான் ஆகும். ஃபாதரிடம் சொல்லிவிடலாமே? சொல்லலாம். நாளைக்கு.

மார்ச் 23, சனி

சொல்லவில்லை.

டெல்ஃபியின் வெள்ளை கவுனுக்குத் துணி எடுக்க அவளையும் கூட்டிக்கொண்டு பாரிமுனை போனேன். திரும்பும்போது லேஸ் கடை. மெஷினில் செய்தது, ஆனால் இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் குரோஷா என்றுதான் யாரும் சொல்வார்கள். ரோஜாப்பூ, நடுவில் வலை, ஓரத்தில் முத்து முத்தாக. "இன்னாக்கா யோசிக்கிற, கையால போட்டா மாரியே கீது பாரு" என்றான் கடைக்காரன். அதைத்தானே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாங்கிவிட்டேன். "இது எதுக்கும்மா?" என்றாள் டெல்ஃபி. "பீடத்துணிக்கு. அம்மாவுக்கு நேரம் பத்தலடா" என்றேன். அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. எனக்கும்தான். கடையில் வாங்கினேன் என்று சொல்லிக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

மார்ச் 31, ஈஸ்டர்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

நேற்று சாயங்காலம், லேஸ் தைத்த பீடத்துணியைக் கோவிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹெலினா அக்கா லில்லிப் பூவைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டார். "எம்மாடி! அல்லாத்தையும் கையாலயே போட்டியா?"

நான் சிரித்தேன். "ஏதோ, முடிஞ்சது" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். "ஆமாம்" என்று சொல்லவில்லை. அதனால் பொய் இல்லையாம்! எவ்வளவு சாமர்த்தியம் எனக்கு. டெல்ஃபி பக்கத்தில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள். நான் அவள் தலையைத் தடவி வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

ராத்திரி ஈஸ்டருக்கான பாஸ்கா திருவிழிப்பு பூசை முடிவில் ஃபாதர் மைக்கில் நன்றி சொன்னார். ஒலிபெருக்கிக்காரர், பாடகர் குழு, அப்புறம் என் பெயர். "தவக்காலம் முழுவதும் ஒவ்வொரு இழையையும் ஜெபமாகப் பின்னிய சகோதரி." கோவில் முழுக்கக் கைதட்டல். எழுந்து நின்று கும்பிட்டேன். கும்பிட்டேனே! உட்கார்ந்தே இருந்திருக்கக் கூடாதா?

ஏப்ரல் 12, வெள்ளி

பெனிட்டோவிடம் சொன்னேன். "லேஸ்தானே! கொலையா பண்ணிட்ட?" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது தூண் மறைக்கிற பெஞ்சில் உட்காருகிறேன். ஃபேன் காற்று நன்றாக வருகிறது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஹெலினா அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கேரிபேக். அவருடைய மகன் வயிற்றுப் பேத்திக்கு ஜூனில் ஞானஸ்நானம். அதற்கான கவுனின் ஓரத்துக்கு "உன் ரோஜா" போட வேண்டுமாம். பீடத்துணியை போனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, தானே முயற்சி செய்திருக்கிறார். பையில் இருந்து எடுத்தார். பிரித்துப் பிரித்துப் போட்டதில் வெள்ளை நூல் பழுப்பாகி நைந்து போயிருந்தது.

"நாலு தபா பிரிச்சிட்டேன். அந்த நடுப்பூவாண்ட எப்டி திருப்புனன்னே புரில. என் மருமவ சிரிக்கிறா. எனுக்கு மண்டைல ஒண்ணுமே ஏறமாட்டேங்குதும்மா" என்றார்.

அந்தப் பூவை ஊசியால் போடவே முடியாது. மெஷின் வேறு விதமாகச் செய்வது அது. நாலு தடவை இல்லை, நானூறு தடவை பிரித்தாலும் வராது. எனக்குத் தெரியும். நான் என்ன சொன்னேன்?

"அது கொஞ்சம் கஷ்டம்தான் அக்கா. புதுநன்மை முடியட்டும், சொல்லித் தரேன்."

அவர் காபியைக் குடித்துவிட்டு, "உனுக்கு கீற பொறுமை எனுக்கு ஏது" என்று போனார். ஐயோ, பொறுமையாமே! என்னைச் செருப்பால அடிச்சாக்கூடத் தாங்கியிருப்பேன்.

மே 4, சனி

இரண்டாவது கையுறை முடிந்தது. அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டே டெல்ஃபி கேட்டாள். அடுத்த சனிக்கிழமை அவளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது.

"அம்மா, ஒருத்தங்க பொய் சொல்றது தெரிஞ்சும் நாம சும்மா இருந்தா, அது நம்ம பாவமா?"

"யாரு சொன்னா?"

"கிளாஸ்ல சிஸ்டர்தான் கேட்டாங்க. பாத்தும் சொல்லாம இருந்தீங்களா, யோசிங்கன்னு."

"அது பெரியவங்களுக்கு. நீ தம்பிய கிள்ளினது, படிக்காம ஏமாத்தினது, அதைச் சொல்லு போதும்."

தலையாட்டினாள். கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒன்பது வயதுக் குழந்தையிடம் பாவத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கிளாஸ் எடுத்திருக்கிறேன். நானெல்லாம் ஒரு அம்மா!

மே 11, சனி

பிள்ளைகள் ஃபாதர் பால்ராஜிடம். பெற்றோருக்காகப் பூந்தமல்லி பக்கத்திலிருந்து வெளிச்சாமியார் ஒருவர் வந்திருந்தார். வெளிச்சாமியார் என்றால் எங்கள் பங்குக்கே கொண்டாட்டம், குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க மாட்டார் அல்லவா! பிரகாசம் அண்ணன்கூட வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். என்னைப் பார்த்ததும் ஜெபமாலையைத் தீவிரமாக உருட்டினார்.

என் முறை வந்தது. "நான் செய்யாததைச் செஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன் ஃபாதர்" என்றேன். "அதனால யாருக்காவது பாதிப்பா?" என்று கேட்டார்.

"இல்ல ஃபாதர்."

வாயில் தானாக வந்தது. மண்டியிட்ட இடத்திலேயே பொய். ஹெலினா அக்காவின் பழுப்பு நூல் கண் முன்னால் நிற்கிறது, நான் "இல்ல ஃபாதர்" என்கிறேன். அவர் மன்னிப்பு ஜெபம் சொன்னார். அது என்மேல் விழுந்ததாகவே தெரியவில்லை.

வெளியே வந்தால் டெல்ஃபி மாதா சிலை வைத்த கெபி முன்னால் முழங்காலில் இருக்கிறாள். முடித்து ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னாரும்மா. நான் ரெண்டு சொன்னேன்."

"ஏண்டி?"

"ஒண்ணு உனக்கு."

பார்க்கிங்கில் ஸ்கூட்டிச் சாவி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கிற சாக்கில் அழுதேன். நாளைக்கு இவள் முதல்முறையாக நற்கருணை வாங்குவாள், அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் நின்று கூடவே வாங்க வேண்டும். எந்த நாக்கை நீட்டி வாங்குவேன்?

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு நேராக ஹெலினா அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன். கடை லேஸ், பாரிமுனை, அந்தப் பூ ஊசியில் வராது, எனக்கு முதலிலேயே தெரியும். எல்லாவற்றையும்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் மெதுவாக, "அப்போ நான் மக்கு இல்ல" என்றார். என்னிடம் அல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க அக்கா."

"என் மருமவ முன்னாடி எத்தினி நாள் தல குனிஞ்சிகினு இருந்தேன் தெரியுமா? நீ பாத்துகினே காபி குடுத்தல்ல?" என்றார். "ஊட்டுக்குப் போ. பொழுது போவுது."

கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்விட்டார். நான்தான் சாத்திவிட்டு வந்தேன்.

மே 12, ஞாயிறு

பூசைக்கு முன்னால், உடை மாற்றும் அறையில் ஃபாதரைப் பார்த்தேன். லேஸைப் பற்றியும் சொன்னேன், நேற்றுப் பாவசங்கீர்த்தனத்தில் மறைத்ததையும் சொன்னேன். அங்கேயே மறுபடி கேட்டு மன்னிப்பு கொடுத்தார். "இப்பவே மைக்ல சொல்லிடுங்க ஃபாதர்" என்றேன். "ஏம்மா, இன்னைக்கும் உங்க பேரைத்தான் சொல்லணுமா? பிள்ளைங்க நாள் இது. அன்பியத்துல நீங்களே சொல்லுங்க" என்றார். சுருக்கென்று இருந்தது. சரியாகத்தான் சொன்னார்.

டெல்ஃபியோடு நற்கருணை வாங்கினேன். பீடத்தில் அந்த ரோஜா லேஸ். ஹெலினா அக்கா பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

மே 26, ஞாயிறு

அன்பியக் கூட்டம், எங்கள் வீட்டில். பைபிள் வாசகத்துக்குப் பின் பகிர்வு. இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தேன். இருபது வாக்கியம் ஆயிற்று. நடுவில் இயர் எண்ட், காய்ச்சல் என்று சாக்கு சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன்.

கடைசியில் பிரகாசம் அண்ணன் தொண்டையைச் செருமி, "சரி, சுண்டல் ஆறுது" என்றார். பாதிப் பேர் சுண்டலைத் தொடவில்லை. ஒரு அம்மா போகிறபோது, "அந்தக் கையுறையாவது நீ போட்டதா?" என்று கேட்டார்.

"அது நான் போட்டது ஆன்ட்டி."

நம்பினாரா, தெரியவில்லை. நம்பாவிட்டால் நான் என்ன கேட்க முடியும்?

ஹெலினா அக்கா வரவில்லை.

ஜூன் 15, சனி

டீப்பாய் விரிப்பைத் தூக்கிப் பரணில் போட்டேன். குல்லாவைப் பிரித்துவிட்டேன். ஊசியில் இப்போது பீடத்துணிக்கு ஆரம்பித்த திராட்சை லேஸ் மட்டும். நான்காவது கொத்து. எந்த ஈஸ்டருக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. புனிதையின் வரலாற்றை முடித்தேன். நடுவில் கொஞ்சம் தாண்டித்தான்.

மத்தியானம் காலிங்பெல். ஹெலினா அக்கா. பேத்தியின் ஞானஸ்நானம் போன வாரம் நடந்து முடிந்துவிட்டது. எங்களுக்குச் சொல்லவில்லை. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. காபி வேண்டாம் என்றார். சோபா நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து புதுக் கண்டும் ஊசியும் எடுத்தார்.

"கொழந்தைக்கு ஒரு தொப்பி போடணும். உனுக்கு நெஜமா இன்னா தெரியுமோ அத்த மட்டும் சொல்லிக் குடு."

சங்கிலிப் பின்னலிலிருந்து ஆரம்பித்தோம். அரை மணி நேரம் தலை நிமிராமல் முதல் வரிசையைப் போட்டு முடித்து, தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எப்டி கீது?"

இறுக்கி இறுக்கிப் போட்டிருந்தார், ஓரம் சுருண்டு நின்றது. நன்றாக இருக்கிறது அக்கா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவ்வளவு நாள் கழித்து வந்திருக்கிறாரே.

"ரொம்ப இறுக்கமா இருக்குக்கா. பிரிக்கணும்" என்றேன்.

என்னை ஒரு முறை முறைத்தார். அப்புறம் பிரித்தார்.